நூத்துப் போடுங்கோ

பதினான்கு நிமிடம். நான் கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் ஓட ஆரம்பித்த பதினான்காவது நிமிடத்தில் எங்கள் காலுக்குக் கீழே, மரத்தரைக்கு அடியில், ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு நெருப்பு நின்றுவிடும். தரையில் பதித்த இரும்புச் சல்லடைகள் வழியாக வந்துகொண்டிருந்த சூடான காற்று மெல்ல மெல்ல ஆறி, வெறும் காற்றாகும். அரை மணி கழித்து அதுவாகவே மறுபடி பற்றிக்கொள்ளும். மறுபடி பதினான்கு நிமிடம்.

அஸ்வினியை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு மாதக் குழந்தை. மூச்சுக்குழாயில் சளி அடைத்து மூன்று நாள் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். அறையின் வெப்பம் பதினெட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூச்சை எண்ணுவது எப்படி என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அறுபதைத் தாண்டினால் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும். அன்று காலையிலிருந்து நான் இரண்டு எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் பதினெட்டரை. வயிற்றில் நாற்பத்தாறு.

வீட்டுக்குக் கிளம்பும் முன் நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்விகள் கேட்டாள். வீட்டில் ஈரம் இருக்கிறதா, சுவரில் பூஞ்சை இருக்கிறதா, ஹீட்டர் இருக்கிறதா. “வீட்டில் புகை உண்டா? யாராவது பிடிக்கிறார்களா?”

“இல்லை” என்றேன். கேள்வி முடிவதற்குள் சொன்னேன். அந்த ஒரு பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு மணிக்கு என் கணவன் ராகேஷைக் கூப்பிட்டேன். ஊரின் இன்னொரு பக்கம், எல்லர்ஸ்லியில், அவன் அலுவலகத்தில் ஏதோ மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“திரும்பவும் நின்னுடுச்சு.”

“வீட்டுக்காரர்கிட்டச் சொன்னியா?”

“காலைலயே மெசேஜ் போட்டேன். பதிலே இல்ல.”

“அபி, பயப்படாத. சர்வீஸ் பண்ணாம விட்டிருப்பாங்க. குளிர்காலத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும். நாமளும் ஏதாவது கிளீன் பண்ணணும்னு அவர் சொன்னாரில்ல? ஃபில்டரோ என்னமோ?”

“ம்” என்றேன்.

அந்த ஃபில்டரைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் சாவி வாங்கிய அன்று எனக்கு எட்டாவது மாதம். பாதம் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. வீட்டுக்காரர் இராசநாயகம் அங்கிள் ஒவ்வொரு அறையாக அழைத்துப் போய்க் காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்துக்கு வந்து முப்பது வருடம். அவருடைய தமிழில் பாதி எனக்குப் புரியும். மீதியை அவர் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். ஹாலில் நின்றபடி அவர், “ஹீற்றர் வீட்டுக்குக் கீழ இருக்கு பிள்ளை. கிறிலுக்குப் பின்னால ஃபில்ற்றர் இருக்கு. மாசம் ஒருக்கா கழட்டிக் கழுவ வேணும். விளங்கினதோ?” என்றார்.

“ஆமா அங்கிள்.”

விளங்கவில்லை. எனக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கிரில் ஜன்னல் கம்பி. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் என்ன ஃபில்டர் என்று ஒரு கணம் தோன்றியது, கேட்கவில்லை. அதன் பிறகு மாதம் தவறாமல் முதல் தேதி வாட்ஸப்பில் அவர் குரல் வரும். “ஃபில்ற்றர் கழுவியாச்சோ பிள்ளை?” நான் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் போடுவேன். முதல் தடவை போட்டபோது, அடுத்த மாதம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது மாதம் கேட்டால் முதல் மாதம் பொய் சொன்னது தெரிந்துவிடும். ஐந்து கட்டைவிரல்கள் ஆகிவிட்டன. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது உண்டு. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தலை தானாக ஆடிவிடும். அதைக் காப்பாற்ற அப்புறம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டரை மணிக்கு அங்கிளின் குரல் பதிவு வந்தது. காரில் பேசியிருக்கிறார். வைப்பர் சத்தமும் மழையும் பாதி வார்த்தைகளை விழுங்கியிருந்தன.

“பிள்ளை, குறை நினையாதேங்கோ, இப்பதான் மெசேஜைப் பாத்தனான். மூண்டு மணிக்குப் பிரசாத்தைக் கூட்டிக்கொண்டு வாறன். அவன்தான் இந்த வேலைக்குச் சரியான ஆள். அதுவரைக்கும் ஹீற்றரை நூத்துப் போடுங்கோ. வடிவா நூத்துப் போட்டு விடுங்கோ, என்ன?”

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். நூத்துப் போடுங்கோ. ஹாலில் ஹீட்டருக்கான பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. அதில் காற்றாடிக்கு ஒரு குமிழ். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு. நாங்கள் எப்போதும் ஐம்பதில்தான் வைத்திருப்போம். நூறில் போடச் சொல்கிறார். வடிவாக, அழகாக, நன்றாக நூறில் போடச் சொல்கிறார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த வார்த்தை அவ்வளவு தெளிவாகவா கேட்டது? வேறொரு நாளாக இருந்தால் ‘அங்கிள், என்ன சொன்னீங்க?’ என்று கேட்டிருப்பேனா? தெரியவில்லை. என் காது வெப்பத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதிகம் என்று பொருள் தரும் ஒரு வார்த்தை கிடைத்ததும் பிடித்துக்கொண்டது. குமிழைக் கடைசி வரை திருகினேன். தரைக்கடியில் காற்றாடி லாரிபோல உறும ஆரம்பித்தது. நெருப்பும் அப்போதுதான் பற்றியது. கைபேசியில் பதினான்கு நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன்.

பயம் வந்தால் நான் விளக்கேற்றுவேன். அன்று வெள்ளிக்கிழமை வேறு. அஸ்வினியை ஹாலில் கூடைத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டுச் சாமி அலமாரிக்கு வந்தேன்.

சாமி கும்பிடும்போது கிழக்கே பார்க்க வேண்டும் என்று, வீடு வந்த முதல் வாரம் ராகேஷ் கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தான். ஹாலில் அந்த ஒரு சுவர்தான் சரியாக வந்தது. சுவரின் கீழ்ப்பாதியில் பெரிய இரும்புச் சல்லடை ஒன்று, பழைய வெள்ளைப் பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருந்தது. “ஏதோ பழைய வென்ட். மூடிட்டா நல்லதுதான், குளிர் உள்ள வராது” என்றான். பழைய சாமான் கடையில் வாங்கிய புத்தக அலமாரியை அதற்கு முன்னால் ஒட்டி வைத்தோம். அதற்கு முதுகுப் பலகை இல்லை. என் கல்யாணப் பட்டுப் புடவை ஒன்றின் முந்தானையைப் பின்னால் திரையாகக் கட்டினேன். பார்ப்பதற்கு ஒரு சின்னக் கோயில்போல இருந்தது.

அங்கேதான் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, கப் சாம்பிராணி ஏற்றி, முடியில் புகை காட்டுவேன். ஒரு விஷயத்தை ராகேஷிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். மே மாதத்திலிருந்து அந்தப் புகை மேலே எழும்புவதில்லை. சாமி அலமாரியின் பக்கமாகவே வளைந்து போய், படங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். “சாமி எடுத்துக்குது, பாரேன்” என்பேன். அவன் சிரிப்பான். நான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். மீதிப் பாதியில் எனக்கு அது உண்மையாகவே ஆறுதலாக இருந்தது.

திரியை ஏற்றிக் கையை எடுத்தேன். சுடர் நிமிரவில்லை. யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல, சுவரைப் பார்த்துப் படுத்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. நான் குனிந்து பார்ப்பதற்குள் பட்டுத் திரை உள்பக்கமாக விம்மியது. சல்லடையின் கட்டங்கள் துணியில் வரிவரியாகத் தெரியும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. சுடர் அதை நோக்கி நீண்டது. ஜரிகைக்கும் நெருப்புக்கும் இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது.

எங்கள் வீட்டில் விளக்கை ஊத மாட்டோம். அணைக்கிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டோம். குளிர வைக்கிறது என்போம். பூவாலோ பாலாலோ திரியைத் தொட்டு மெதுவாகச் செய்வோம். அன்று நான் வாயால் ஊதினேன். ஊதிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

ஊதின திரியின் புகை, ஒரு மெல்லிய நூல், நேராகப் பட்டுக்குள் போனது.

கிறில். அப்போதுதான் அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது.

படங்களை எடுத்துச் சோபாவில் அடுக்கினேன். அலமாரியை இழுத்தேன், சல்லடையின் இரண்டு திருகுகளை விரலாலேயே கழற்ற முடிந்தது. உள்ளே ஃபில்டர் இருந்தது. அதாவது, ஃபில்டர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று தொங்கியது. விரலை வைத்தால் அமுங்கியது. பஞ்சு, முடி, எண்ணெய்ப் பிசுக்கு. சட்டத்தோடு வெளியே இழுத்ததும் வாசனை முகத்தில் அடித்தது. சாம்பிராணி. பழைய, கசந்த சாம்பிராணி.

ஹாலின் காற்றை இந்த வாய் வழியாக இழுத்து, சூடாக்கி, எல்லா அறைக்கும் அனுப்புகிறது அந்த இயந்திரம். இதை யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. சாமி எடுத்துக்கொண்ட புகை எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. படுக்கையறையில், அவள் இரவு தூங்கும் தொட்டிலுக்கு நேர் கீழேயும் ஒரு சல்லடை இருக்கிறது. வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று நான்தான் தொட்டிலை அங்கே நகர்த்தினேன்.

இரண்டு நாற்பது. குமிழை ஐம்பதுக்குத் திருப்பினேன். ஃபில்டரை வாஷிங் மெஷின் அறைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். இருபது நிமிடத்தில் கழுவி, துடைத்து, மாட்டிவிடலாம். அலமாரியை வேறு அறைக்கு மாற்றிவிடலாம். ஐந்து கட்டைவிரல்களும் உண்மையாகிவிடும். தண்ணீர் கறுப்பாக ஓடியது. மேல்பாதியில் வெள்ளை வலை தெரிய ஆரம்பித்தது. கை பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த மாதிரி வேலைகள் நன்றாக வரும்.

ஹாலில் அலாரம் அடித்தது. அதே நொடியில் தரைக்கடியில் ‘டக்’.

கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு ஒருவர் வருவார். சுத்தமான ஃபில்டரைப் பார்ப்பார். வேறு எதையோ மாற்றிவிட்டுப் போவார். இந்த இயந்திரம் எத்தனை மாதமாக மூச்சுவிட முடியாமல் கிடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், நான் சொன்னால் தெரியும். இந்த நினைப்பு நல்லவளின் நினைப்பாக வரவில்லை. எரிச்சலாக வந்தது. என்னை நானே காட்டிக்கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்ற எரிச்சல்.

குழாயை மூடினேன். ஃபில்டர் பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

ஹாலுக்குப் போய் அஸ்வினியின் சட்டையைத் தூக்கி எண்ணினேன். நாற்பத்தெட்டு. இரண்டு கூடியிருந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. இராசநாயகம் அங்கிள் குளிர்க்குல்லாவோடு, கையில் சின்ன எண்ணெய் ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் பிரசாத், ஃபிஜி இந்தியர், நீலச் சீருடை, முழங்காலில் சேறு காய்ந்த அடையாளம்.

“இது கரண்டில வேலை செய்யிறது. என்ர மனிசி வசந்தமலர் தந்து விட்டவ. மற்றதை நூத்துப்போட்டா சின்னப்பிள்ளை குளிரில கிடக்குமெல்லே, கொண்டுபோங்கோ எண்டு…” அவர் நிறுத்தினார். காற்றாடிச் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. “ஏன் பிள்ளை, இன்னும் ஓடுது?”

“நீங்க சொன்ன மாதிரி நூறுல போட்டேன் அங்கிள். இப்பத்தான் ஐம்பதுக்குக் கொண்டு வந்தேன்.”

“நூறோ? நான் எப்ப நூறு எண்டு சொன்னனான்?”

“நூத்துப் போடுங்கன்னு…”

அவர் என்னைப் பார்த்தார். பிரசாத்தைப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“ஐயோ பிள்ளை. நூக்கிறது எண்டா ஓஃப் பண்றது. லைற்றை நூக்கிறது, அடுப்பை நூக்கிறது. நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?”

“அணைக்கிறது. விளக்குன்னா… குளிர வைக்கிறதுன்னு சொல்லுவோம்.”

“அப்ப நான் வீட்டைக் குளிர வையுங்கோ எண்டெல்லோ சொல்லியிருக்க வேணும்!” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நல்ல வேளை, ஆயிரத்தில போடச் சொல்லேல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்துவிட்டால் அப்படியே தப்பித்துவிடலாம் என்பது தெரிந்தது. பிரசாத் ஹாலுக்குள் போய், இழுத்துப் போட்ட அலமாரியையும் திறந்து கிடந்த சல்லடையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபில்டரை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். தண்ணீர் என் பாதத்தில் சொட்டியது.

அவர் கறுப்புப் பாதியை மூக்கருகே கொண்டுபோனார். ஆங்கிலத்தில், சாதாரணமாக, எல்லா வீட்டிலும் கேட்பதுபோலக் கேட்டார். “இந்த வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள்?”

அங்கிளின் முகம் மாறியது. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு நாளில் இரண்டாவது முறை அதே கேள்வி. இல்லை என்ற பதில் நாக்கில் தயாராக வந்து நின்றது.

“நான்தான்” என்றேன். “சாம்பிராணி. தினமும், குழந்தைக்கு. இந்தச் சல்லடைக்கு எதிர்லயேதான். அலமாரியை வெச்சு இதை மூடினதும் நாங்கதான். ஃபில்டரை ஒரு தடவைகூடக் கழுவினதில்ல அங்கிள். எது ஃபில்டர்னே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாசமும் பொய் சொன்னேன்.”

தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி சொன்னேன் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் புரிந்தது.

அங்கிள் ஃபில்டரின் கறுப்புப் பாதியை விரலால் தொட்டுப் பார்த்தார். “கேட்டிருக்கலாமே பிள்ளை” என்றார். கோபமாக இருந்திருந்தால் தேவலை. “நானும் ஒருக்கா வந்து காட்டியிருக்கலாம்தான். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு பேசாம இருந்திட்டன்.”

பிரசாத் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “எப்போதிலிருந்து?”

“மே. மே முதல் வாரத்தில் குளிர் ஆரம்பித்து ஹீட்டரைப் போட்டதிலிருந்து.”

தலையாட்டினார். காற்று உள்ளே வராவிட்டால் நெருப்புப் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகும் என்றார். சூடு எல்லை தாண்டினால் ஒரு சின்ன சுவிட்ச் நெருப்பை நிறுத்தும். நான் கேட்ட ‘டக்’ அதுதான். ஆனால் இத்தனை நாள் அப்படிச் சூடானால் பெட்டியின் இரும்பு வெடிப்பு விட்டிருக்கலாம். வெடிப்பு இருந்தால் எரிந்த வாயு நல்ல காற்றோடு கலந்துவிடும். அது விஷம், அதற்கு வாசனையும் கிடையாது. “நீங்கள் சொல்லாவிட்டால் நான் அவ்வளவு தூரம் பிரித்துப் பார்த்திருக்க மாட்டேன்” என்றபடி ஹீட்டருக்கு வரும் கேஸ் குழாயை மூடிவிட்டு, டார்ச்சும் கேமரா வைத்த நீளமான கம்பியும் எடுத்துக்கொண்டு, மழையில் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார்.

நாங்கள் காத்திருந்தோம். எண்ணெய் ஹீட்டரை அங்கிள் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடைவெளி சரிதானா என்று காலால் அளந்து பார்த்தார். சுவரில் பதினேழரை. பதினேழு. அஸ்வினியை என் ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டேன். அவள் மூச்சு என் கழுத்தெலும்பில் பட்டது. காலடியில் இரும்பு இரும்போடு மோதும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காத நேரங்களில்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

“மூண்டு பிள்ளையள் வளத்தனாங்கள்” என்றார் அங்கிள் ஜன்னலைப் பார்த்தபடி. “சாம்பிராணிதான். ஒவ்வொரு நாளும். ஆனா எங்கட வீடு அப்ப எல்லாப் பக்கத்தாலயும் காத்து வாற வீடு.” அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

நாற்பது நிமிடம் கழித்துப் பிரசாத் வந்தார். தலைமுடியில் சிலந்தி வலை. கைபேசியில் படம் காட்டினார். ஆரஞ்சுத் துருப் படிந்த இரும்பு, மடிப்பு மடிப்பாக, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. “வெடிப்பு இல்லை. எல்லா மடிப்பையும் பார்த்துவிட்டேன். அந்தச் சுவிட்ச் களைத்துப் போயிருந்தது, புதுசு போட்டிருக்கிறேன்.” வாசனையில்லாத அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றைத் தொட்டில் உயரத்துக்கு மாட்டினார். புது ஃபில்டரை என்னையே மாட்டச் சொன்னார். மாட்டினேன். அம்புக்குறி சுவரைப் பார்க்க வேண்டும். “உங்கள் கடவுளை வேறு சுவருக்கு மாற்றுங்கள்” என்றார் போகும்போது. “என் அம்மா வீட்டிலும் இதே கதைதான்.”

“அடுத்த ஏப்ரல்ல, குளிர் துவங்க முன்னம் நானே கூட்டிக்கொண்டு வருவன்” என்றார் அங்கிள். குல்லாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “மாசம் ஒருக்கா படம் எடுத்து அனுப்புங்கோ பிள்ளை. அந்த விரல் வேண்டாம்.”

அவர்கள் போன பிறகு ஹீட்டரைப் போட்டேன். ஐம்பதில். கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றேன். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றில் என் பாதம் தானாகத் தரையை அழுத்திக்கொண்டது. பதினான்கு. பதினைந்து. பதினாறு. சல்லடையிலிருந்து காற்று சூடாகவே வந்துகொண்டிருந்தது. அதில் வாசனை எதுவும் இல்லை. சுவரில் பதினெட்டு. வயிற்றில் நாற்பத்து நான்கு.

சாமி படங்கள் இன்னும் சோபாவில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ராகேஷ் வந்து திசைகாட்டியோடு மறுபடி நடக்கட்டும்.

இருபதாவது நிமிடத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில், மருத்துவமனைத் தாள் இருந்தது. அதன் கீழ் ஓரத்தில் வார்டின் எண். அவர்கள் என்ன நினைப்பார்கள், என்ன எழுதிக்கொள்வார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே எண்களை அழுத்தினேன். ஜாக்கெட்டுக்குள் அஸ்வினி காலை உதைத்தாள்.

மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள்.

“நான் அஸ்வினியின் அம்மா பேசுகிறேன்” என்றேன். “குழந்தை நன்றாக இருக்கிறாள். நேற்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.”